இளம்பெண்களின் இரத்த அழுத்தமும் வைட்டமின் சி-யும்: இரத்தத்தில் உள்ள அளவு எதைக் காட்டுகிறது?

தேன்மொழி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். இரத்தத்தில் வைட்டமின் சி அதிகமாக உள்ள இளம்பெண்களுக்கு இரத்த அழுத்தம் குறைவாக இருக்கிறது என்று 2008ஆம் ஆண்டு இறுதியில் வெளியான ஓர் ஆய்வைப் பற்றி உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன். கிளாடிஸ் பிளாக் என்ற ஊட்டச்சத்து அறிஞரின் குழு, கலிஃபோர்னியாவின் ரிச்மண்ட் பகுதியைச் சேர்ந்த 242 கறுப்பின, வெள்ளையினப் பெண்களிடம் அதை நடத்தியிருக்கிறது. சிறுமிகளாக இருந்தபோதே ஒரு நீண்டகாலக் கண்காணிப்பில் சேர்க்கப்பட்ட அவர்கள், அந்தக் கண்காணிப்பின் பத்தாம் ஆண்டில், அதாவது 18 முதல் 21 வயதை எட்டியிருந்தபோது, வைட்டமின் சி-க்கான இரத்தப் பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டார்கள். அந்த அளவை வைத்து அவர்களை நான்கு பங்குகளாகப் பிரித்துப் பார்த்ததில், மேல் பங்கில் இருந்தவர்களுக்குக் கீழ்ப் பங்கில் இருந்தவர்களைவிட, சிஸ்டாலிக் எனப்படும் மேல் அளவு (பாதரச அளவில்) 4.66 மி.மீ.யும், டயஸ்டாலிக் எனப்படும் கீழ் அளவு 6.04 மி.மீ.யும் குறைவாக இருந்தன. இனம், உடல் எடைக் குறியீடு, கல்வி, உணவில் உள்ள கொழுப்பு, சோடியம் ஆகியவற்றின் தாக்கத்தைக் கணக்கிட்டு நீக்கிய பிறகு எஞ்சிய வேறுபாடு இது.

என்னை இன்னும் அதிகமாகச் சிந்திக்க வைத்தது மற்றொரு செய்தி. ஒன்பதாம் ஆண்டிலிருந்து பத்தாம் ஆண்டுக்குள், வைட்டமின் சி குறைந்த பங்கினருக்குக் கீழ் அளவு 5.97 மி.மீ. உயர்ந்திருக்கிறது, மிகுந்த பங்கினருக்கோ 0.23 மி.மீ. மட்டுமே உயர்ந்திருக்கிறது. எனக்கு வயது 21. அண்மையில் ஒரு பொதுப் பரிசோதனையில் என் இரத்த அழுத்தம் 132/86 என்று வந்தது. மருந்து எதுவும் தேவையில்லை, கவனமாக இருந்தால் போதும் என்றார்கள். ஆனால் எதில் கவனமாக இருப்பது என்று யாரும் விளக்கவில்லை. இந்த ஆய்வை நம்பி நாள்தோறும் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை எடுத்துக்கொள்வது பொருளுள்ள செயலாகுமா, அல்லது அந்த எண்கள் வேறு எதையோ காட்டுகின்றனவா என்பதுதான் என் கேள்வி.

கார்முகில்

தோழி, நல்ல கேள்வி. இதற்குச் சாதகமான சான்றுகள் உங்கள் பதிவில் இருப்பதைவிட அதிகம். 1999இல் லான்செட் மருத்துவ இதழில் டஃபி குழுவினர் வெளியிட்ட சிறு ஆய்வில், உயர் இரத்த அழுத்தம் உடைய 39 பேரில் ஒரு பகுதியினருக்கு ஒரு மாதம் நாள்தோறும் 500 மில்லிகிராம் வைட்டமின் சி-யும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் தரப்பட்டன. வைட்டமின் எடுத்தவர்களின் மேல் அளவு சராசரியாக 155இலிருந்து 142க்கு இறங்கியது. ஒரே ஒரு சிறு ஆய்வு என்று இதை ஒதுக்கிவிடவும் இயலாது. ஏனென்றால் 2012இல் ஜூராஷெக் குழுவினர் இத்தகைய 29 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துத் தொகுப்பாய்வு செய்தபோதும், மேல் அளவு 3.84 மி.மீ., கீழ் அளவு 1.48 மி.மீ. குறைந்ததைக் கண்டார்கள். ஏற்கெனவே உயர் அழுத்தம் உள்ளவர்களை மட்டும் தனியாகப் பார்த்தபோது மேல் அளவின் இறக்கம் 4.85 மி.மீ. ஆக இருந்தது.

இது எப்படி நிகழ முடியும் என்பதற்கும் விளக்கம் உண்டு. இரத்தக் குழாயின் உட்சுவரில் உருவாகும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுதான் குழாயைத் தளர்த்தி விரிய வைக்கிறது. இதைக் கண்டறிந்ததற்காகவே 1998இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்த வாயுவை உண்டாக்கும் நொதி சரியாக இயங்க டெட்ராஹைட்ரோபயாப்டெரின் என்ற துணைப்பொருள் தேவை; அது எளிதில் ஆக்சிஜனேற்றம் அடைந்து வீணாகிவிடும்; வைட்டமின் சி அதைக் காப்பாற்றித் தருகிறது. ஆக, இயங்குமுறை இருக்கிறது, பொருளைத் தந்து விளைவைப் பார்க்கும் தலையீட்டு ஆய்வுகள் இருக்கின்றன, இளம்பெண்களிடம் இதே திசையைக் காட்டும் எண்களும் இருக்கின்றன. விலை குறைந்த, பெரும்பாலும் தீங்கற்ற ஒரு பொருளை இத்தனைக்குப் பிறகும் தள்ளிவைக்க எனக்கு மனம் வரவில்லை.

வெண்பா

கார்முகில் அவர்கள் தந்த எண்கள் சரியானவை. ஆனால் தேன்மொழி கேட்டது இளம்பெண்களிடம் நடந்த அந்த ஆய்வைப் பற்றி. அதை முதலில் அதன் அளவில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அந்த ஆய்வில் யாருக்கும் மாத்திரை தரப்படவில்லை. பத்தாம் ஆண்டில் வைட்டமின் அளவும் இரத்த அழுத்தமும் சேர்த்து அளக்கப்பட்டன, அவ்வளவுதான். இரண்டும் ஒரே வேளையில் அளக்கப்படும்போது எது முன், எது பின் என்று சொல்ல வழியில்லை. தேன்மொழியைச் சிந்திக்க வைத்த அந்த ஓராண்டு மாற்றம் இதற்கு விடை சொல்வதுபோலத் தோன்றும். ஆனால் சற்று நின்று பாருங்கள். "மாற்றம்" என்பது பத்தாம் ஆண்டு அளவிலிருந்து ஒன்பதாம் ஆண்டு அளவைக் கழித்து வருவது. பத்தாம் ஆண்டில் ஒருவருக்கு எந்தக் காரணத்தாலோ அழுத்தம் தற்காலிகமாகக் கூடியிருந்தால், அவருடைய அன்றைய அளவும் உயர்வாக இருக்கும், முந்தைய ஆண்டிலிருந்து கணக்கிடும் மாற்றமும் உயர்வாகவே வரும். ஆகவே, "அளவிலும் தொடர்பு, மாற்றத்திலும் தொடர்பு" என்பதை இரண்டு தனித்தனிச் சாட்சிகளாக எண்ணிவிடக் கூடாது. ஒரே சாட்சி இருமுறை பேசியிருக்கவும் வாய்ப்பு உண்டு. மேலும், நலமாக உள்ள இளம்பெண்களின் கீழ் அளவு ஒரே ஆண்டில் சராசரியாக ஏறத்தாழ 6 மி.மீ. உயர்வது வழக்கமான வளர்ச்சிப் போக்கைவிட மிகப் பெரியது. அதில் எவ்வளவு உடலின் உண்மையான மாற்றம், எவ்வளவு அளவீட்டின் ஏற்ற இறக்கம் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

அடுத்தது, வைட்டமின் சி எதனுடன் சேர்ந்து வருகிறது என்ற கேள்வி. மாத்திரை எடுக்காத ஒருவரின் இரத்தத்தில் அது உயர்ந்திருக்கிறது என்றால், அவர் பழங்களும் காய்கறிகளும் நிறைய உண்கிறார் என்று பொருள். அவற்றோடு பொட்டாசியம், மக்னீசியம், நார்ச்சத்து எல்லாமும் உடலுக்குள் வருகின்றன. அவற்றில் பொட்டாசியம் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்பது நன்கு நிறுவப்பட்டது. அத்தகையவர் பெரும்பாலும் புகைப்பதில்லை, உடற்பயிற்சி செய்கிறார், ஓரளவு வசதியான குடும்பத்தில் வளர்ந்திருக்கிறார். ஆய்வாளர்கள் கொழுப்பையும் சோடியத்தையும் கணக்கில் கொண்டது பாராட்டத்தக்கது. ஆயினும், ஒருவர் என்ன உண்டார் என்று கேட்டு எழுதிக்கொள்ளும் கணக்கு கரடுமுரடானது; இரத்தத்தில் நேரடியாக அளக்கப்படும் வைட்டமினோ துல்லியமானது. கரடுமுரடான கருவியால் உணவின் பங்கைக் கழித்துவிட்டு எஞ்சியதையெல்லாம் துல்லியமாக அளந்த பொருளின் கணக்கில் எழுதினால், உணவு முழுவதற்கும் உரிய பெருமை அந்த ஒரு பொருளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

2004இல் லாலர் குழுவினர் பிரிட்டனில் வயது முதிர்ந்த பெண்களிடம் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். வைட்டமின் சி அளவு, அந்தப் பெண்களின் இன்றைய பழக்கங்களோடு மட்டுமல்லாமல், அவர்கள் குழந்தைகளாக இருந்தபோது குடும்பம் எத்தகைய நிலையில் இருந்தது என்பதோடும் தொடர்புற்றிருந்தது. சிறுவயது வறுமையை எந்தக் கணக்கீட்டாலும் முழுமையாகக் கழித்துவிட முடியாது.

கார்முகில்

உங்கள் வாதத்தின் வலிமையை உணர்கிறேன். ஆனால் தலையீட்டு ஆய்வுகளுக்கு இது பொருந்தாதே? யாருக்கு வைட்டமின், யாருக்கு வெற்று மாத்திரை என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்படும்போது, சிறுவயது வறுமையும் உணவுப் பழக்கமும் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பிரிந்துவிடுகின்றன. அப்படியும் 3.84 மி.மீ. இறங்கியிருக்கிறது. தேன்மொழியின் ஆய்வில் கண்ட 4.66 மி.மீ. அதற்கு மிக அருகில் இருப்பது தற்செயல் என்று சொல்லிவிட முடியுமா?

வெண்பா

இரு எண்கள் அருகில் இருப்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கீழ் அளவைப் பாருங்கள், ஒன்றில் 6.04, மற்றொன்றில் 1.48. அவை ஒரே விளைவை அளக்கின்றன என்றால் இங்கும் ஒத்துப்போயிருக்க வேண்டும்.

அந்த 29 ஆய்வுகளின் உருவத்தையும் கவனிக்க வேண்டும். மிகச் சிறியதில் 10 பேர், மிகப் பெரியதில் 120 பேர். கால அளவின் இடைநிலை மதிப்பு 8 வாரம். எட்டு வாரத்தில் தெரியும் இறக்கம் எட்டு ஆண்டுகளுக்கும் நிற்குமா என்பதை அவற்றால் சொல்ல இயலாது. நீண்டகால ஆய்வுகளில் ஒன்று பெண்களிடமே நடந்தது: இதயநோய் உள்ள, அல்லது அதற்கான ஆபத்து மிகுந்த, 40 வயதைக் கடந்த 8,171 பெண்களிடம் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் சோதிக்கப்பட்டன, அவற்றுள் நாள்தோறும் 500 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் ஒன்று. 2007இல் முடிவு வெளியானபோது, மாரடைப்போ பக்கவாதமோ இதய நோயால் நேரும் இறப்போ அதனால் குறைந்ததாகத் தெரியவில்லை. அடுத்த ஆண்டு வெளியான, 14,641 ஆண் மருத்துவர்களிடம் நடந்த ஆய்வும் இதையே சொன்னது. அவை இரத்த அழுத்தத்தை முதன்மை இலக்காகக் கொண்டவை அல்ல என்பது உண்மை. ஆனாலும், அழுத்தம் நிலையாக 4 மி.மீ. குறைந்திருந்தால் அத்தனை ஆண்டுகளில் அதன் பயன் எங்கேனும் தலைகாட்டியிருக்க வேண்டும்.

நுண்ணோக்கி

நான் ஊட்டச்சத்துத் துறையில் பணிபுரிகிறேன். இந்த விவாதத்தில் இதுவரை வராத ஒரு செய்தி, இரு தரப்பின் எண்களையும் புரிந்துகொள்ள உதவும் என்று நம்புகிறேன். உட்கொள்ளும் அளவுக்கும் இரத்தத்தில் சேரும் அளவுக்கும் உள்ள உறவு நேர்க்கோடு அல்ல.

இதை இளம்பெண்களிடமே மிகக் கவனமாக அளந்திருக்கிறார்கள். அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் மார்க் லெவின் குழுவினர், நலமாக உள்ள 15 இளம்பெண்களை மருத்துவமனையிலேயே தங்கவைத்து, முதலில் அவர்கள் உடலிலிருந்த வைட்டமின் சி-யைக் குறைந்த நிலைக்குக் கொண்டுவந்து, பிறகு நாளொன்றுக்கு 30 மில்லிகிராமில் தொடங்கி 2,500 மில்லிகிராம்வரை படிப்படியாக உயர்த்திப் பார்த்தார்கள். முடிவுகள் 2001இல் வெளியாயின. 30 முதல் 100 மில்லிகிராம்வரை இரத்த அளவு செங்குத்தாக ஏறுகிறது. அதற்கு மேல் ஏற்றம் தளர்ந்து, 200ஐக் கடந்ததும் மெதுவாகி, 400 மில்லிகிராம் அளவில் கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. அதன் பிறகு குடல் குறைவாக உறிஞ்சுகிறது, சிறுநீரகம் மிகுதியை வெளியேற்றுகிறது. வாய்வழியாக எவ்வளவு விழுங்கினாலும் இந்த எல்லையைத் தாண்டி நெடுநேரம் நிற்க உடல் விடுவதில்லை. இளம்பெண்களுக்கு அமெரிக்காவில் பரிந்துரைக்கப்பட்டிருந்த 75 மில்லிகிராமை 90 ஆக உயர்த்தலாம் என்றுதான் அக்குழு முன்மொழிந்ததே தவிர, ஆயிரக்கணக்கில் உண்ணும்படி சொல்லவில்லை.

இப்போது இதை விவாதத்துக்குக் கொண்டுவருவோம். நன்றாக உண்ணும் ஒரு பெண்ணின் இரத்தத்தில் ஏற்கெனவே நிறைவான அளவு இருக்கும். அவருக்கு 500 மில்லிகிராம் மாத்திரை தந்தால் நிறைந்த குடத்தில் மேலும் நீரூற்றுவதாகத்தான் முடியும். ஓர் ஆய்வில் இப்படிப்பட்டவர்களே மிகுதியாகச் சேர்ந்துவிட்டால், வைட்டமினுக்கு உண்மையில் ஆற்றல் இருந்தாலும் முடிவு வெறுமையாகவே வரும். மாறாக, குறைபாட்டின் விளிம்பில் உள்ள ஒருவருக்கு 100 அல்லது 200 மில்லிகிராமே அளவைப் பல மடங்கு உயர்த்தும். பெரிய ஆய்வுகளில் பயன் தெரியாததை வைத்து வெண்பா அவர்கள் எடுக்கும் முடிவை இதனால் நான் முழுமையாக ஏற்கவில்லை: அந்த ஆய்வுகள் குறைபாடு உள்ளவர்களைத் தேடிப் பிடித்துச் சேர்க்கவில்லை. அதே காரணத்தால் கார்முகில் அவர்களின் "யாரும் 500 எடுக்கலாம்" என்ற முடிவும் எனக்கு ஏற்புடையதாக இல்லை.

இயங்குமுறை பற்றி ஒரு சிறு திருத்தம் மட்டும். வைட்டமின் சி, நைட்ரிக் ஆக்சைடை அழிக்கும் சூப்பராக்சைடு மூலக்கூறுகளை நேரடியாகப் பிடித்து நைட்ரிக் ஆக்சைடைக் காக்கிறது என்று பல இடங்களில் எழுதப்படுகிறது. அந்தப் போட்டியில் வெல்ல, வாய்வழியாக எட்டவே முடியாத, நரம்பில் ஏற்றினால் மட்டுமே கிடைக்கும் செறிவு வேண்டும். கார்முகில் சொன்ன துணைப்பொருளைக் காக்கும் வழி அப்படியல்ல. செல்லுக்குள் இயல்பாக உள்ள செறிவிலேயே அது நடக்கக்கூடும். ஆகவே அவர் தேர்ந்தெடுத்த விளக்கமே வலுவானது.

உணவு பற்றிய சான்றுகளையும் இங்கே வைக்கிறேன். என் பார்வையில் தேன்மொழிக்கு மிகப் பயன்படுபவை இவைதாம். 1997இல் வெளியான டேஷ் ஆய்வில் 459 பேருக்கு உணவு முழுவதும் ஆய்வாளர்களாலேயே தயாரித்துத் தரப்பட்டது. எல்லாக் குழுவுக்கும் சோடியம் ஒரே அளவு. பழங்களையும் காய்கறிகளையும் மட்டும் கூட்டிய குழுவினருக்கு மேல் அளவு 2.8 மி.மீ. குறைந்தது, அவற்றோடு கொழுப்பு குறைந்த பாற்பொருள்களையும் சேர்த்து, மொத்தக் கொழுப்பையும் குறைத்த குழுவினருக்கு 5.5 மி.மீ. குறைந்தது. 2002இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வில், நலமாக உள்ள 690 பேரில் ஒரு பாதியினருக்கு நாள்தோறும் ஐந்து பங்காவது பழமும் காய்கறியும் உண்ணும்படி அறிவுரை மட்டுமே தரப்பட்டது. ஆறு மாதத்தில் அவர்களின் இரத்தத்தில் வைட்டமின் சி-யும் கரோட்டினாய்டுகள் என்ற தாவர நிறமிகளும் உயர்ந்தன; அறிவுரை பெறாதவர்களோடு ஒப்பிடுகையில் மேல் அளவு 4.0 மி.மீ., கீழ் அளவு 1.5 மி.மீ. கூடுதலாகக் குறைந்தது. அங்கே வைட்டமின் சி உயர்ந்தது உணவு மாறியதற்கு அடையாளமாக. அழுத்தத்தைக் குறைத்ததில் அதற்கும் ஒரு பங்கு இருந்திருக்கலாம், ஆனால் அது தனியாக வரவில்லை.

மருந்தகப்பார்வை

மருந்தாளுநர் என்ற முறையில் ஒரே ஒரு எச்சரிக்கை. தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் வைட்டமின் சி மாத்திரைகளை இரத்த அழுத்தத்துக்காக எடுத்துக்கொள்வது தலைகீழான செயல். அந்த நுரை சோடியம் பைகார்பனேட் போன்ற உப்புகளால் வருவது. ஒரு மாத்திரையிலேயே சில நூறு மில்லிகிராம் சோடியம் இருக்கக்கூடும். நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்தைத் தாண்ட வேண்டாம் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. அதில் ஒரு நல்ல பங்கை இந்த ஒரு குவளை நீரே எடுத்துக்கொள்ளும். உறையில் சோடியம் எவ்வளவு என்று பார்க்காமல் வாங்காதீர்கள். திராட்சை விதைச் சாற்றோடு வைட்டமின் சி சேர்ந்த கலவைகளும் விற்கப்படுகின்றன. ஏற்கெனவே சிகிச்சையில் இருந்த உயர் அழுத்தக்காரர்களிடம் இந்தச் சேர்க்கையைச் சோதித்த 2005ஆம் ஆண்டின் ஆய்வு ஒன்றில், மேல் அளவு குறையாமல் 4.8 மி.மீ. உயர்ந்தது. இரண்டு நல்ல பொருள்களைச் சேர்த்தால் இரட்டிப்பு நன்மை வரும் என்ற எண்ணம் மருந்துக் கடையில் அடிக்கடி பொய்த்துப்போகிறது.

நிறைமதி

நான் மகப்பேறு மருத்துவம் பார்ப்பவள். இளம்பெண்கள், இரத்த அழுத்தம், வைட்டமின் சி என்ற மூன்று சொற்களும் சேர்ந்து வரும்போது கர்ப்பகாலத்தைப் பேசாமல் விட முடியாது. ஏனெனில் இந்தக் கேள்விக்கு மருத்துவ உலகம் மிகப் பெரிய அளவில் விடை தேடியது அங்கேதான்.

கர்ப்பத்தின் பிற்பாதியில் இரத்த அழுத்தம் உயர்ந்து, பெரும்பாலும் சிறுநீரில் புரதமும் வெளியேறும் ப்ரீ-எக்லாம்ப்சியா என்ற நிலை தாய்க்கும் குழந்தைக்கும் உயிராபத்தாக முடியக்கூடியது. ஆக்சிஜனேற்றம் மிகுந்து செல்கள் பாதிக்கப்படும் நிலைக்கு (இதை ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்பார்கள்) அதில் பங்குண்டு என்பதால், லண்டனில் ஆபத்து மிகுந்த 283 பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வு 1999இல் வெளியானது. நாள்தோறும் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் 400 அலகு வைட்டமின் ஈ-யும் பெற்றவர்களில் 8 விழுக்காட்டினருக்கும், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 17 விழுக்காட்டினருக்கும் அந்த நோய் வந்தது. பாதிக்கும் மேல் குறைவு! எத்தனை நம்பிக்கையை அது விதைத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அதே மருத்துவர்களில் சிலரும் பங்கேற்று, 2,410 பெண்களிடம் அதே அளவில் அதைத் திரும்பச் செய்து 2006இல் வெளியிட்டார்கள். ப்ரீ-எக்லாம்ப்சியா குறையவில்லை. அதைவிடக் கவலைக்குரியது, வைட்டமின் பெற்றவர்களுக்கு எடை குறைந்த குழந்தைகள் சற்று அதிகமாகப் பிறந்தன. அதே ஆண்டு வெளியான, முதல் பிரசவத்தை எதிர்நோக்கிய 1,877 பெண்களிடம் நடந்த ஆய்வில், உயர் அழுத்தத்துக்காக மருத்துவமனையில் சேர்வதும் அழுத்த மருந்து தேவைப்படுவதும் வைட்டமின் குழுவில் கூடுதலாக இருந்தன. 2010இல் வெளியான, அமெரிக்காவில் 10,154 பெண்களிடம் நடந்த ஆய்வும் பயன் எதையும் காட்டவில்லை. 2011இல் உலக நலவாழ்வு நிறுவனம், ப்ரீ-எக்லாம்ப்சியாவைத் தடுப்பதற்காக வைட்டமின் சி-யையோ ஈ-யையோ தனியாகவோ சேர்த்தோ தர வேண்டாம் என்றே வழிகாட்டியது. நோயாளிகளில் சிலர் இணையத்தில் படித்துவிட்டு, மருத்துவரிடம் சொல்லாமல் ஆயிரம் மில்லிகிராம் எடுத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கான வழக்கமான சத்து மாத்திரையில் உள்ள சிறு அளவைப் பற்றி நான் இங்கே சொல்லவில்லை. கர்ப்பகாலத்தில் நாளொன்றுக்குத் தேவைப்படும் 85 மில்லிகிராமுக்கும் ஆயிரத்துக்கும் பெரிய தொலைவு உண்டு.

தேன்மொழி அவர்களே, உங்கள் 132/86 பற்றிச் சொல்கிறேன். ஒரு நாள் எடுத்த ஓர் அளவை வைத்து எதையும் தொடங்கவும் வேண்டாம், அதை மறந்துவிடவும் வேண்டாம். மேற்கைக்குப் பொருந்தும் பட்டையுள்ள கருவியால் வீட்டில் ஒரு வாரம் காலையும் மாலையும் அளந்து எழுதுங்கள். கைக்குச் சிறியதான பட்டை பொய்யாக உயர்ந்த அளவைக் காட்டும். ஐந்து நிமிடம் அமைதியாக, முதுகு சாய்ந்து, கால்களைத் தரையில் ஊன்றி, கையை இதயத்தின் உயரத்தில் வைத்து உட்கார்ந்த பிறகு, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளக்க வேண்டும்; அப்போது பேசக் கூடாது. முதல் நாள் அளவுகளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைப் பார்க்கும்போது அது 135/85 அல்லது அதற்கு மேல் நிற்குமானால் மருத்துவரிடம் செல்லுங்கள்.

அப்போது அவர் கேட்க வேண்டிய, கேட்காவிட்டால் நீங்களே சொல்ல வேண்டிய செய்திகள் சில உண்டு. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகள் சிலருக்கு அழுத்தத்தை உயர்த்தும். இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளும், மூக்கடைப்புக்கான சில மருந்துகளும், அதிமதுரம் அதிகம் சேர்ந்த பொருள்களும் அப்படியே. சிறுநீரக நோய், தைராய்டுக் கோளாறு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். அழுத்தம் தெளிவாக உயர்ந்திருக்கும் இளம்பெண்களிடம், சிறுநீரகத் தமனியின் சுவர் மணி கோத்ததுபோல் சுருங்கியும் விரிந்தும் அமையும் ஃபைப்ரோமஸ்குலர் டிஸ்பிளேசியா என்ற நோயையும் நினைவில் கொள்வோம். அது ஆண்களைவிடப் பெண்களிடமே மிக அதிகமாகக் காணப்படுகிறது. அப்படி ஒரு காரணம் இருக்கும்போது வைட்டமின் மாத்திரையை நம்பி ஓராண்டைக் கழிப்பதுதான் நான் உண்மையாக அஞ்சும் இழப்பு.

தேன்மொழி

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. நிறைமதி அம்மா, மாதவிடாய் வலிக்காக நான் இபுபுரூஃபன் எடுப்பது வழக்கம். அந்தப் பரிசோதனை நடந்த வாரத்திலும் எடுத்திருந்தேன். அதற்கும் அழுத்தத்துக்கும் தொடர்பு இருக்கும் என்று எங்கும் படித்ததில்லை. நீங்கள் சொன்ன முறையில், அந்த மாத்திரை எடுக்காத ஒரு வாரத்தில் அளந்து பார்க்கிறேன்.

நுண்ணோக்கி அவர்களிடம் ஒரு கேள்வி. இரத்தத்தில் அளவு குறைவாக உள்ளவர்களுக்குத்தான் பயன் இருக்கக்கூடும் என்றால், என் இரத்தத்தில் வைட்டமின் சி எவ்வளவு என்று சோதித்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாமா?

வெண்பா

நுண்ணோக்கி அவர்கள் விடை சொல்வதற்கு முன் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். உணவு, வறுமை, பழக்கம் ஆகியவற்றின் குழப்பமின்றி இந்தக் கேள்வியைக் கேட்க இன்னொரு வழி உண்டு. வைட்டமின் சி-யைச் செல்களுக்குள் எடுத்துச்செல்லும் புரதத்துக்கான மரபணுவில் சிலருக்குப் பிறவியிலேயே ஒரு மாறுபாடு இருக்கிறது. அதனால் அவர்களின் இரத்தத்தில் வைட்டமின் அளவு வாழ்நாள் முழுவதும் சற்றே குறைந்திருக்கும். வைட்டமின்தான் அழுத்தத்தைக் குறைக்கிறது என்றால் அவர்களுக்கு அழுத்தம் அதற்கேற்பச் சற்றே உயர்ந்திருக்க வேண்டும். 2015இல் வெளியான ஒரு பெரிய பகுப்பாய்வு இதயம், வளர்சிதை மாற்றம் சார்ந்த பல அளவுகளில் அப்படி எதிர்பார்க்கத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. மரபணு உண்டாக்கும் வேறுபாடு சிறியது என்பதால், நுண்ணோக்கி குறிப்பிடும் கடுமையான குறைபாட்டைப் பற்றி இது எதுவும் சொல்லாது. அந்த வாசலை இது மூடவில்லை என்பதை நானே சொல்லிவிடுகிறேன்.

கார்முகில்

அந்த வாசலைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். 18 முதல் 25 வயதுவரையுள்ள, இரத்தத்தில் வைட்டமின் சி தெளிவாகக் குறைந்துள்ள, அழுத்தம் சற்றே உயர்ந்துள்ள பெண்களை மட்டும் தேர்ந்தெடுத்து, நாள்தோறும் 200 மில்லிகிராமை ஓராண்டு தந்து, 24 மணி நேர அளவுக்கருவியால் அழுத்தத்தைப் பார்க்கும் ஆய்வு வேண்டும். பிளாக் குழுவினரும் இளையோரிடம் தலையீட்டு ஆய்வு தேவை என்று சொல்லித்தான் தங்கள் கட்டுரையை முடித்தார்கள். இளம் வயதில் 4 மி.மீ. என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் இரத்த அழுத்தம் இளமையில் செல்லும் தடத்திலேயே பெரும்பாலும் முதுமைவரை தொடர்கிறது.

நுண்ணோக்கி

கார்முகில் வரைந்த ஆய்வில் நானும் ஆர்வத்தோடு சேர்வேன். மூன்றாவது குழுவாக, மாத்திரையின்றி அதே 200 மில்லிகிராமைப் பழங்கள், காய்கறிகள் வழியாகவே பெறுபவர்களையும் சேர்க்க வேண்டும் என்பது மட்டும் என் வேண்டுகோள். இரு குழுக்களின் இரத்தத்திலும் வைட்டமின் சமமாக உயர்ந்து, அழுத்தம் ஒன்றில் மட்டும் இறங்கினால், வெண்பாவின் கேள்விக்கும் அங்கேயே விடை கிடைத்துவிடும்.

தேன்மொழி, அந்தச் சோதனையை நான் பரிந்துரைக்க மாட்டேன். வைட்டமின் சி இரத்தக் குழாயிலிருந்து வெளிவந்த கணத்திலிருந்தே சிதையத் தொடங்குகிறது. மாதிரியை உடனே குளிர்வித்து, இரத்தத்தின் நீர்மப் பகுதியான பிளாஸ்மாவைப் பிரித்து, அமிலம் சேர்த்து, மிகக் குறைந்த வெப்பநிலையில் வைக்காவிட்டால் இல்லாத குறைபாடு இருப்பதாக வரும். ஆய்வுக்கூடங்களில் இதைக் கட்டுப்படுத்துவார்கள்; வழக்கமான பரிசோதனை நிலையத்தில் அந்த ஏற்பாடு இருக்கும் என்று எண்ண முடியாது. மேலும், முந்தைய நாள் உண்டதே முடிவை ஆட்டிவிடும்.

அதற்குப் பதிலாக உங்கள் வழக்கமான ஒரு வாரத்து உணவை எண்ணிப் பாருங்கள். பழமோ பச்சையாக உண்ணும் காயோ இல்லாத நாள்களே மிகுதி என்றால், அல்லது காய்கறிகளை நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துவிடும் வழக்கம் இருந்தால், உங்கள் அளவு குறைவாக இருக்கலாம் என்று கொண்டு உணவை மாற்றுங்கள். இந்த வைட்டமின் நீரில் கரைவது, வெப்பத்தில் அழிவது. வடித்த நீரோடு பெரும்பகுதி போய்விடும். உணவோடு சேர்த்து உண்ணும்போது தாவர உணவிலுள்ள இரும்பை உடல் நன்றாக உறிஞ்சவும் இது உதவுகிறது. மாதவிடாயால் இரும்பை இழக்கும் உங்கள் வயதினருக்கு இரத்த அழுத்தத்தைவிட உறுதியாகத் தெரிந்த பயன் அது. உணவு மாற்றம் இயலாத காலத்தில் 100 அல்லது 200 மில்லிகிராம் கொண்ட, நுரைக்காத சாதாரண மாத்திரை போதும். உடலில் இரும்பு மிகுதியாகச் சேரும் பரம்பரை நோய் உள்ளவர்களும் சிறுநீரகக் கல் வந்தவர்களும் அதையும் மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும். ஒரு வார அளவுகளின் சராசரி வந்ததும், வலி மாத்திரை எடுத்த நாள்களைக் குறித்துக்கொண்டு இங்கே எழுதுங்கள். நிறைமதி அவர்களும் பார்த்துச் சொல்லட்டும்.